அருகிருப்பவரும் மருந்தே

(மயிலாப்பூரில் ஒரு மாலை வழிபாட்டிற்குப் பின் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மயிலையில் உள்ள திருக்கோயில்களுக்கு நாள்தோறும் வருகின்றவர்களுள் ஒரு சாராரை நான் எளிதில் அடையாளம் கண்டுகொள்வேன். அவர்கள் கையில் அருச்சனைத் தட்டு இராது. வெந்நீர்க் குடுவையும் துணிப்பையும் இருக்கும். சட்டைப் பையிலிருந்து மருத்துவமனையின் அனுமதிச் சீட்டு எட்டிப் பார்க்கும். சந்நிதியில் நெடுநேரம் நிற்பார்கள், உதடு அசையாது. கைப்பேசி ஒலித்தால் நெஞ்சு பதற வெளியே ஓடுவார்கள். என்னவென்று கேட்டால், "அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார், ஐயா" என்பார்கள்.

நான் தமிழ் படித்தவன் என்று அறிந்த சிலர், "எந்தப் பதிகத்தை ஓதினால் அப்பாவுக்கு நலமாகும்?" என்றும் கேட்பதுண்டு. அறிந்ததைச் சொல்லுவேன். ஆயினும் அந்தக் கேள்விக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டிய மற்றொரு கேள்வியை யாரும் கேட்பதில்லை. "ஓதி முடித்து மருத்துவமனைக்குத் திரும்பிய பிறகு, நாங்கள் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும்?" என்பதே அது. கேட்கப்படாத அந்தக் கேள்விக்கு விடை காண முயல்வதே இன்றைய உரை.

நால்வகை மருந்து

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரத்தின் இறுதிக் குறளில், மருத்துவம் நான்கு உறுப்புகளை உடையது என்கிறார். நோயுற்றவர், நோயைத் தீர்க்கும் மருத்துவர், மருந்து, நோயாளியின் அருகிலிருந்து அதனைக் கொடுப்பவர் என்பன அந்நான்கு. இறுதியாகச் சொன்னவரை 'உழைச்செல்வான்' என்று குறிக்கிறார். 'உழை' என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்தில் நின்று இயங்குபவர் என்பது பொருள்.

இதில் வியப்பிற்குரியது ஒன்று உண்டு. மருத்துவரும் மருந்தும் இருந்தால் போதும், அருகிருப்பவர் வெறும் துணை என்று நாம் எண்ணுகிறோம். வள்ளுவரோ அவரையும் மருத்துவத்தின் கால்பங்காகவே வைத்தார். நாற்காலியின் நான்காவது கால் துணைக்கால் ஆகுமோ? அஃது இல்லையேல் நாற்காலியே இல்லை.

உரையாசிரியர் பரிமேலழகர் இந்நான்கினையும் மேலும் நந்நான்காகப் பகுத்துப் பதினாறு இயல்புகளைக் காட்டுகிறார். நோயாளிக்குப் பொருள் வேண்டும். மருத்துவர் சொற்படி நிற்றல் வேண்டும். தன் நோயின் நிலையை எடுத்துச் சொல்லும் ஆற்றல் வேண்டும். மருந்தினால் வரும் துன்பத்தைப் பொறுத்தல் வேண்டும். முதலில் பொருளைச் சொன்னமை காண்க. மருத்துவச் செலவு ஒரு குடும்பத்தை எவ்வாறு அலைக்கழிக்கும் என்பதை அப்பெரியார் அறிந்திருந்தார். இன்று தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுடைய குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கிறது. நகையை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்கு ஓடும் முன், மருத்துவமனையில் அத்திட்டத்திற்கென உள்ள இடத்தில் ஒருமுறை விசாரித்தல் நலம்.

அருகிருப்பவருக்கு அவர் கூறும் இயல்புகள் நான்கு. நோயாளியிடத்து அன்புடைமை, மனம், மொழி, மெய் மூன்றிலும் தூய்மை, சொல்லியதைச் சொல்லியவாறே செய்யும் வன்மை, அறிவுடைமை. இந்நான்கினையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இவை ஏட்டில் மட்டும் இருந்தவை என்று எண்ணற்க. காஞ்சிபுரத்தை அடுத்துப் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில் திருமுக்கூடல் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள பெருமாள் கோயிலில் 11ஆம் நூற்றாண்டில் ஆண்ட வீரராசேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு உண்டு. அக்கோயிலைச் சார்ந்து 15 படுக்கைகளோடு ஓர் ஆதுலர்சாலை இயங்கியதை அஃது எடுத்துரைக்கிறது. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், பச்சிலையும் விறகும் கொணர்வோர், இவர்களோடு நோயாளிகளைப் பேணும் மகளிர் இருவருக்கும் ஊதியம் வகுக்கப்பட்டிருந்தது. நோயாளியின் அருகில் நிற்பவரையும் கல்லில் பொறித்து மதித்தது நம் மரபு.

முதலாவது: அன்பு

இனி, நாம் அனைவரும் கண் முன்னே கண்ட ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 2020ஆம் ஆண்டை மறந்திருக்க மாட்டீர்கள். கொரோனாப் பெருந்தொற்றினால் மார்ச்சு மாதம் அடைபட்ட கோயிற்கதவுகள், பொதுமக்களுக்காகச் செப்டம்பர் முதல் நாள் வரை முழுமையாகத் திறக்கவில்லை. அந்த ஆகஸ்டு 5ஆம் நாள், பின்னணிப் பாடகர் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் அவர்கள் சென்னை அமைந்தகரையில் உள்ள எம்.ஜி.எம். மருத்துவமனையில் சேர்ந்தார். நுங்கம்பாக்கம் காம்தார் நகரில் வாழ்ந்தவர். அப்போது வயது 74. அரிகதைக் கலைஞர் ஒருவரின் மைந்தர். நெல்லூரில் இருந்த தம் குடும்ப வீட்டை வேதபாடசாலைக்கென்று காஞ்சி மடத்திற்கு அதே ஆண்டு பிப்ரவரியில் வழங்கியிருந்தவர்.

மருத்துவமனையில் சேர்ந்த அன்று அவரே ஒரு காணொளியில் பேசினார். தமக்கு நோய்த் தாக்கம் இலேசானதே என்றார். மருத்துவர்கள் வீட்டிலேயே தனித்திருக்கலாம் என்று கூறிய போதிலும், வீட்டில் இருந்தால் குடும்பத்தார் தம்மை விட்டு விலகி இருக்க மாட்டார்கள், அவர்களுக்கு இடர் வரும் என்பதனால் மருத்துவமனைக்கு வந்துவிட்டதாகவும் கூறினார். அன்பு என்பது இருபுறமும் ஓடுவது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? நோயாளியைக் குடும்பம் காக்க நினைக்கிறது. குடும்பத்தை நோயாளி காக்க நினைக்கிறார். படுக்கையில் கிடக்கும் தந்தை, பிள்ளை உண்டானா, உறங்கினானா என்றே எண்ணிக் கொண்டிருப்பார். ஆகையால் அருகிருப்பவர் தம் உடலையும் பேணிக்கொள்ள வேண்டும். நான்கு நாள் உண்ணாமல் உறங்காமல் இருந்து ஐந்தாம் நாள் தாமும் படுத்துவிடுவது அன்பு ஆகாது. முறை வைத்துக்கொண்டு மாறிமாறி இருத்தலே அன்பு.

ஆகஸ்டு 13ஆம் நாள் இரவு அவர் உடல்நிலை மோசமடைந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவிற்கு மாற்றி, செயற்கைச் சுவாசமும் பின்னர் 'எக்மோ' என்னும் கருவியும் பொருத்தினார்கள். எக்மோ என்பது உடலிலிருந்து இரத்தத்தை வெளியே எடுத்து, கரியமில வாயுவை நீக்கி, உயிர்வளியை ஏற்றி, மீண்டும் உடலுக்குள் செலுத்தும் பொறி. நுரையீரலுக்கு ஓய்வு தந்து காலத்தை வாங்கித் தருவதே அதன் பணி. நோயைத் தீர்ப்பது அன்று. இதனைக் குடும்பத்தார் முதலிலேயே கேட்டு அறிந்துகொண்டால், எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கலாகாது என்ற தெளிவு பிறக்கும்.

இரண்டாவது: மனம், மொழி, மெய்யில் தூய்மை

தொற்று நோய்க்காலத்தில் மெய்யின் தூய்மை எத்தகையது என்பதை நாம் நன்கு அறிவோம். மொழியின் தூய்மையை அன்று காட்டியவர் அவர் மகன் எஸ்.பி. சரண். உலகமெங்கும் உள்ள அன்பர்கள் கவலையுற்றிருந்தனர். அந்த மகன் நாள்தோறும், பிறகு சில நாள்களுக்கு ஒருமுறை, காணொளியில் தோன்றித் தந்தையின் நிலையைத் தாமே தெரிவித்தார். முன்னேற்றம் இருந்தால் முன்னேற்றம். இல்லையேல் நேற்றைய நிலையே இன்றும் என்றார். கூட்டிச் சொல்லவில்லை; குறைத்தும் சொல்லவில்லை. தொற்று நீங்கிவிட்டது என்று ஆகஸ்டு இறுதியில் ஒரு செய்தி பரவியது. கேட்பதற்கு இனிய செய்திதான். ஆயினும் அஃது உண்மையன்று என்று அவரே மறுத்தார். இனிய பொய்யையும் மறுப்பதற்கு நெஞ்சுரம் வேண்டும். செப்டம்பர் 7ஆம் நாள், தொற்று உண்மையாகவே நீங்கியதை அறிவித்தபோது, நுரையீரல் இன்னும் தேறவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார். பெற்றோரின் திருமண நாளை மருத்துவமனையிலேயே எளிமையாகக் கொண்டாடியதையும், தந்தை விளையாட்டுப் போட்டிகளைத் திரையில் காண்பதையும், பேச இயலாமையால் எழுதிக் காட்டுவதையும் தெரிவித்தார்.

இதிலிருந்து குடும்பத்தார் கற்க வேண்டியது ஒன்றுண்டு. ஒரே வாய் பேச வேண்டும். மருத்துவரிடம் கேட்பவரும், உறவினருக்குச் சொல்பவரும் ஒருவராகவே இருத்தல் நலம். அண்ணன் ஒன்று கேட்டு, தங்கை ஒன்று கேட்டு, மருமகன் வேறொன்று புரிந்துகொண்டால், மாலைக்குள் மூன்று செய்திகள் முப்பது வீடுகளுக்குப் போய்விடும். ஒரு சிறு குறிப்பேட்டில் நாள், நேரம், மருத்துவர் சொன்னது ஆகியவற்றை எழுதி வைத்தால் சண்டை பாதி குறையும்.

என் குற்றம்

அன்பர்களே, மொழியின் தூய்மையைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டா என்று நானே கேட்டுக்கொள்கிறேன். சொல்லிவிடுவதே முறை.

1986ஆம் ஆண்டு என் தந்தையார் இரண்டாம் முறை மாரடைப்புற்று ஒரு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மூன்றாம் நாள் மருத்துவர் எங்களைத் தனியே அழைத்து, நம்பிக்கை குறைவு, பார்க்க வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். அண்ணனும் நானும் தாழ்வாரத்தில் நின்று, அப்பாவிடம் ஒன்றும் சொல்வதில்லை என்று முடிவு செய்தோம். தயங்கிய என் தங்கைக்கு நான்தான் வள்ளுவரைத் துணைக்கு அழைத்தேன். நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைத்து எண்ணப்படும் என்று வாய்மை அதிகாரத்திலேயே இருக்கிறது என்றேன். தமிழ்ப் பண்டிதன் சொன்னால் யார் மறுப்பார்?

அன்று மாலை அப்பா என்னைப் பார்த்து, "டாக்டர் என்ன சொல்கிறார்?" என்றார்.

"நன்றாக இருக்கிறதாம் அப்பா. இரண்டொரு நாளில் வீட்டுக்குப் போய்விடலாம்."

சற்று நேரம் மேற்கூரையையே பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு, "மன்னார்குடியாளை வரச்சொல்லேன்" என்றார்.

மன்னார்குடியாள் என்றது அவருடைய ஒரே தங்கையை, எங்கள் அத்தையை. பூர்விக வீட்டைப் பங்கிட்டதில் மனத்தாங்கல் ஏற்பட்டு, பன்னிரண்டு ஆண்டுகள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அத்தையைத் திடீரென்று அழைத்தால் அப்பாவுக்குத் தம் நிலை தெரிந்துவிடுமே என்று அஞ்சினோம். "நீங்கள் எழுந்து நடமாடட்டும் அப்பா, நாமே மன்னார்குடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்" என்றேன். அவர் மறுமொழி சொல்லவில்லை. அதன்பின் என்னிடம் ஒன்றும் கேட்கவுமில்லை. ஏழாம் நாள் விடியற்காலையில் அவர் காலமானார்.

தந்தி கிடைத்து, இரவுப் பேருந்தில் அத்தை வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவர் கதறி அழவில்லை. கூடத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து என்னைப் பார்த்துக் கேட்டார்: "இந்தத் தந்தியை நாலு நாள் முன்னாடி அடிச்சிருக்கக் கூடாதாடா?"

நாற்பது ஆண்டுகள் ஆகப்போகின்றன. அக்கேள்விக்கு இன்றுவரை என்னிடம் விடை இல்லை.

அக்குறளை நான் எத்தனையோ வகுப்புகளில் நடத்தியவன். பொய் வாய்மையாவதற்கு வள்ளுவர் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார். விளையும் நன்மை குற்றம் சிறிதும் அற்றதாக இருத்தல் வேண்டும் என்பதே அது. அந்த நிபந்தனையை நான் அன்று விழுங்கிவிட்டேன். எங்கள் பொய்யினால் அப்பாவுக்கு என்ன நன்மை? அவருக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்ததனால்தான் தங்கையை அழைத்தார். அவருடைய அச்சத்தை நாங்கள் நீக்கவில்லை. எங்கள் அச்சத்தை மறைத்துக்கொண்டோம், அவ்வளவே.

நோயாளியிடம் எல்லாவற்றையும் உடைத்துச் சொல்லிவிட வேண்டும் என்று நான் கூறவில்லை. கேட்காதவரிடம் திணிக்கவும் வேண்டா. ஆயினும் அவர் கேட்டால், அந்தக் கேள்விக்கு மதிப்பளிக்க வேண்டும். "டாக்டர் கொஞ்சம் கவலைப்படுகிறார் அப்பா. அத்தையை வரச்சொல்லட்டுமா?" இவ்வளவு சொன்னாலே போதுமாக இருந்தது. நிகண்டும் இலக்கணமும் கற்ற என் நாவுக்கு இந்த எளிய சொற்கள் அன்று வாய்க்கவில்லை.

மூன்றாவது: சொல்லியவாறு செய்தல்

திருக்கோயிலிலிருந்து திருநீறும் குங்குமமும் தீர்த்தமும் எடுத்துச் செல்லும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். செயற்கைச் சுவாசக் குழாய் பொருத்தியவர்க்கும், நினைவு தடுமாறியவர்க்கும் வாயில் ஒரு துளி நீரும் விடலாகாது. அது மூச்சுக்குழலில் இறங்கினால் நுரையீரலுக்குக் கேடு. தீர்த்தமாயினும் இதுவே விதி. நெற்றியில் திருநீறு இடுவதாயினும் செவிலியரைக் கேட்டே செய்யுங்கள். புண்ணும் குழாயும் உள்ள உடம்பில் பூவும் பொடியும் தொற்றினைக் கொண்டு வரக்கூடும். கேட்பதனால் இறைவனுக்கு ஒரு குறையும் இல்லை. பார்வை நேரம் பதினைந்து நிமிடம் என்றால் பதினைந்தே நிமிடம். உள்ளே செல்லும் போதும் வெளியே வரும் போதும் கைகளைத் தூய்மை செய்தல் வேண்டும். கோயிலுக்குள் கால் கழுவி வருகிறோம் அல்லவா?

வேறு ஒன்று செய்யலாம். அதனைப் பெரும்பாலும் யாரும் தடுக்க மாட்டார்கள். கண் மூடிக் கிடப்பவரின் கையைப் பற்றி, மெல்லிய குரலில் பேசுங்கள். மறுமொழி தர இயலாதவர்க்கும் செவிப்புலன் விழித்திருக்கக் கூடும் என்கிறார்கள் மருத்துவர்கள். அவர் விரும்பும் பதிகத்தைக் காதருகே ஓதுங்கள். பேரன் பள்ளிக்குப் போனதைச் சொல்லுங்கள். படுக்கையைச் சுற்றி நின்று செலவுக் கணக்கையும் பாகப் பிரிவினையையும் பேசாதீர்கள்.

சொல்லிய பணியை விடாது செய்யும் இயல்பிற்குத் திலகவதியாரை எண்ணுகிறேன். தந்தை புகழனாரும், தாய் மாதினியாரும், மணம் பேசியிருந்த கலிப்பகையாரும் அடுத்தடுத்து மறைந்த பின்னும் தம்பிக்காக உயிர் தாங்கியவர் அவர். அந்தத் தம்பி சூலை நோயால் துடித்து, இரவோடு இரவாகத் திருவதிகைக்கு வந்து காலில் வீழ்ந்தார். அம்மையார் அவரை எடுத்து, திருநீறு அளித்தார். பொழுது புலரும் வேளையில், நாள்தோறும் எடுத்துச் செல்லும் திருவலகும் மெழுக்கும் தோண்டியும் ஏந்தித் தம்பியை உடனழைத்துக் கோயிலுக்குச் சென்றார் என்று சேக்கிழார் பாடுகிறார். தம்பி துடிக்கிறான் என்பதற்காக அன்றைய அலகுப்பணியை அவர் விடவில்லை. துயரம் வந்த நாளிலும் வீடு பெருக்கப்பட வேண்டும். விளக்கு ஏற்றப்பட வேண்டும். பிள்ளைகளுக்குச் சோறு வேண்டும். அன்றாடக் கடமையே மனத்தைத் தாங்கிப் பிடிக்கும் கைத்தடி.

நான்காவது: அறிவு

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் முடிவு எடுக்க வேண்டிய நேரங்கள் வரும். அப்போது மருத்துவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்தச் சிகிச்சையால் என்ன பயன் எதிர்பார்க்கிறீர்கள்? பயன் தெரிய எத்தனை நாள் ஆகும்? பயன் இல்லையென்றால் அடுத்து என்ன செய்வீர்கள்? இவற்றைக் கேட்பது மருத்துவரை ஐயுறுவதாகாது.

நான்காவது கேள்வி ஒன்று உண்டு. அதை நம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். அப்பா பேசக் கூடியவராக இருந்தால் எதை விரும்புவார்? மீளும் வழியற்ற நிலையில் கருவிகளால் மட்டுமே உயிரைத் தாங்கும் சிகிச்சை வேண்டா என்று ஒருவர் முன்னதாகவே எழுதி வைக்கலாம் என 2018ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதற்கான நடைமுறையை 2023இல் எளிமைப்படுத்தியது. எழுதுவதும் எழுதாததும் அவரவர் விருப்பம். ஆயினும் உடல் நலமாக இருக்கும் போதே பெற்றோரும் பிள்ளைகளும் ஒருமுறை உட்கார்ந்து இதைப் பேசிவிடுதல் நலம். சாவைப் பேசினால் சாவு வந்துவிடும் என்று அஞ்ச வேண்டா. பேசாத வீடுகளிலும் அது வந்துகொண்டுதான் இருக்கிறது.

வேண்டுதல் வீண் ஆயிற்றா?

2020 ஆகஸ்டு 20ஆம் நாள் மாலை 6 மணிக்கு, இயக்குநர் பாரதிராஜா அவர்களின் அழைப்பினை ஏற்றுத் திரையுலகினரும் பொதுமக்களும் தத்தம் இல்லங்களிலிருந்தே பாலசுப்பிரமணியம் அவர்களுக்காக வேண்டினர். அவருடைய பாடல்களை ஒலிக்கச் செய்தனர். சமய வேறுபாடு பாராமல் விளக்கேற்றியும் மெழுகுவத்தி ஏற்றியும் இறைஞ்சினர். ஆயினும் 51 நாள்கள் மருத்துவமனையில் இருந்து, செப்டம்பர் 25ஆம் நாள் பிற்பகல் 1 மணியளவில் அவர் காலமானார். மறுநாள் தாமரைப்பாக்கத்தில் காவல்துறை மரியாதையோடு நல்லடக்கம் நடைபெற்றது. சில நாள்களுக்குள், மருத்துவமனைக் கட்டணத்தைப் பற்றிய ஒரு வதந்தி கிளம்பியது. ஈமக் கடன்களின் நடுவிலும் அந்த மகன் முன்வந்து அதனை மறுத்து, மருத்துவர்களுக்கு நன்றி கூறினார். தந்தை மறைந்த பின்னும் மொழியின் தூய்மையை அவர் கைவிடவில்லை.

"அத்தனை பேர் வேண்டியும் பயனில்லையே" என்று அன்று பலர் என்னிடம் வருந்தினர். நான் அவர்களுக்கு மயிலையின் கதையையே நினைவூட்டினேன். சிவநேசர் தம் மகள் பூம்பாவையைப் பாம்பு தீண்டப் பறிகொடுத்தார். எலும்பையும் சாம்பலையும் குடத்தில் இட்டுக் காத்திருந்தார். திருஞானசம்பந்தர் இங்குப் பதிகம் பாட, மகள் உயிர்பெற்று எழுந்தாள். இதுவரை எல்லாரும் சொல்லுவர். அதற்கு மேலும் கதை உண்டு. பிள்ளையாருக்கே அவளை மணம் செய்து கொடுக்கத் தந்தை விரும்பினார். உயிர் கொடுத்தவர் தந்தை முறை ஆவார் என்று சொல்லி அவர் மறுத்துவிட்டார். சிவநேசரும் அதனை ஏற்று, மகளை வேறு எவர்க்கும் கொடாமல் கன்னிமாடத்தில் இருக்கச் செய்தார். இறந்த மகளைத் திரும்பப் பெற்ற அந்தத் தந்தைக்கும், தாம் எண்ணியபடி நடக்கவில்லை. கொடுத்ததை ஏற்பதே அவர் பங்காயிற்று.

வழிபாடு என்பது இறைவனிடம் கைச்சீட்டு எழுதிக் கொடுத்துப் பொருள் பெறும் கடை அன்று. திருவதிகையில் நோய் நீங்கியது. நாம் வேண்டிய எல்லா இடத்திலும் நீங்குவதில்லை. ஆயினும் சந்நிதியில் ஐந்து நிமிடம் நின்று வந்தவரின் கை நடுங்காது, குரல் உயராது, உடன்பிறந்தார் மீது சினம் தணியும், மருத்துவர் சொல்லும் கடுஞ்செய்தியைக் கேட்கும் திடம் பிறக்கும். நோயாளிக்காக நாம் செய்யும் வேண்டுதல், முதலில் அருகிருக்கும் நம்மை மருந்தாக்குகிறது.

நலமாகத் திரும்பினால் நன்றி சொல்லுவோம். திரும்பாவிட்டாலும் அத்துயரம் வீணாக வேண்டியதில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அத்துயரமே 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையாக மலர்ந்தது. பின்னர் டாக்டர் சாந்தா அவர்கள் 2021இல் மறையும் வரை தம் வாழ்நாளை அதற்கே ஈந்தார். நம்மால் மருத்துவமனை கட்ட இயலாது. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் தனியே அமர்ந்திருக்கும் ஒருவருக்கு ஒரு குவளை காப்பி வாங்கிக் கொடுத்து, "நீங்கள் போய்ச் சற்றே உறங்குங்கள், நான் இருக்கிறேன்" என்று சொல்ல இயலும்.

நிறைவாக ஒன்று. இங்கிருக்கும் அன்பர்களுள் யாருடைய தந்தையேனும் இப்பொழுது மருத்துவமனையில் இருக்கலாம். அவர் யாரையேனும் பார்க்க விரும்பினால், காரணம் கேட்காதீர்கள். நல்ல நாள் பார்க்காதீர்கள். இன்றைக்குத் தந்தி இல்லை. கையிலேயே பேசி இருக்கிறது. கோயிலை விட்டு வெளியே சென்றதும் முதல் வேலையாக அந்த ஒருவரை அழைத்துச் சொல்லிவிடுங்கள்.

எல்லார்க்கும் நோயற்ற வாழ்வும், நோயுற்ற காலத்தில் அருகிருக்க ஒரு நல்ல துணையும் அமைய இறைவன் திருவருளை வேண்டி அமைகிறேன்.